கிடாய்க்குக் கேட்ட தொப்பி

எங்கள் நெடுந்தீவில் ஒழுங்கான தொப்பி போட்டவர் ஒருவர்தான். அவரும் மரத்தால் ஆனவர். எங்கள் குறிச்சி வேதக் கோயிலின் அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், குதிரைமேல் இருப்பார். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் கொடி. சொரூபம் செய்த ஆசாரி குதிரையின் பிடரி மயிரை இழை இழையாகச் செதுக்கிவிட்டு, ஏறியிருந்தவரின் தலையை மட்டும் தேங்காய் மாதிரி மொழுமொழுவென்று விட்டிருந்தார். தொப்பி வைப்பதற்காகவே அப்படி விட்டது என்று கோயிலில் சொல்வார்கள். பசி வந்து இடையில் எழும்பிப் போயிருப்பான் என்பார் என் தகப்பன். அவரை நாங்கள் ஐயா என்று கூப்பிட்டோம். கோயில் விசயங்களில் ஐயாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பூசைக்கு ஒருநாளும் பிந்தியதில்லை.

வருசத்துக்கு ஒரு தொப்பி என்பது அந்தக் கோயிலின் முறை. திருநாளுக்கு முதல் நாள் மாலை பழைய தொப்பி இறங்கும், புதியது ஏறும். சோளகக் காற்று அடிக்கிற காலம் என்பதால் நாடிக்குக் கீழே ரிபன் கட்டிவிடுவார்கள். மறுநாள் பூசை முடிந்து, சொரூபக் கூடு கோயிலைச் சுற்றி வந்த பிறகு, வேப்பமரத்தின் கீழ் ஏலம் நடக்கும். நேர்த்திக்கடனுக்கு வந்த கோழிகள், பூசணிக்காய், வாழைக்குலை எல்லாம் போன பின் கடைசியாக இறக்கிய தொப்பி வரும். எடுத்த வீட்டுக்குத் தொப்பி சொந்தம். அடுத்த திருநாளுக்குப் புதுத் தொப்பி தைத்துக் கொடுக்கிற பொறுப்பும் அந்த வீட்டுக்கே.

இதில் ஒரு சட்டமும் இருந்தது. தந்த வீடு கேட்கக் கூடாது. அதாவது, தொப்பியைத் தைத்துக் கொடுத்த வீடு அதே தொப்பியைத் திரும்ப ஏலத்தில் கேட்க ஏலாது. அப்படி விட்டால் வசதியான வீடொன்று தானே தைத்துத் தானே எடுத்துக்கொண்டு காலம் முழுவதும் உரிமை கொண்டாடும் என்று முந்தின ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்படியும் ஒருவர் இருந்தார். மாட்டுப்பட்டி வைத்திருந்த பெரிய மனிதர். ஊரில் எல்லோரும் தொப்பிக்காரர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அவர் தலையில் ஒருநாளும் தொப்பியைக் கண்டதில்லை. விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் தட்டுத்தட்டாகக் கவிழ்த்து வைத்த சின்ன மண் முட்டிகள். ஒவ்வொரு முட்டியின் மேலும் ஒரு தொப்பி. ஒரு வருசம் தான் எடுப்பார். அடுத்த வருசம் அவர் வீட்டுத் தொப்பி ஏறும், அது இறங்கும் வருசம் வேறொருவர் எடுப்பார், அதை எடுத்தவரிடமிருந்து இவர் எப்படியோ கெஞ்சியோ மாற்றியோ வாங்கிவிடுவார். அந்த வீட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்னர் அலுமாரியைக் காட்டுவார்கள் என்று பகிடி சொல்வார்கள்.

அந்த அலுமாரியை நான் சின்ன வயதில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறேன். புயலடித்த வருசத்துத் தொப்பி, அதில் இறகு இல்லை, காற்று கொண்டுபோய்விட்டது. கொழும்பில் பெரிய தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பித்த தொப்பி ஒன்று, ஊருக்கு வந்து சேர்ந்தபோது தபாற்காரரின் தொப்பி மாதிரி இருந்தது. அந்த வருசம் முழுவதும் அர்ச்சியசிஷ்டவர் கடிதம் கொடுக்கப் போகிறவர் போலவே குதிரையில் இருந்தார். சேவல் இறகு வைத்தது, கொக்கிறகு வைத்தது, ஆடு விளிம்பைக் கடித்தது. கடித்த இடத்தை மறைத்து வைக்காமல் முன்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார் மனிதர். அதுதான் அந்தத் தொப்பியின் பெறுமதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் என் மகள் கைபேசியில் சில படங்கள் அனுப்பியிருந்தாள். அங்கே ஒரு மண்டபத்தில் பழைய தொப்பிகளை ஏலம் விடுகிறார்களாம். கறுப்பு நிறத்தில் நெடிதாக உயர்ந்த துரைமார் தொப்பிகள், படைத் தளபதியின் தொப்பி, தொப்பி வைக்கிற தோற்பெட்டி, சீமாட்டிகள் தொப்பியில் குத்துகிற நீட்டு ஊசிகள், தொப்பியை வடிவாக்குகிற மரத்தலைகள். மரத்தலைகளைக் கண்டதும் எனக்கு எங்கள் கோயில்தான் ஞாபகம் வந்தது. "இதுக்கெல்லாம் இவ்வளவு விலையா அம்மா?" என்று அவள் கேட்டிருந்தாள். இவளுக்கு எங்கே தெரியும், இதைவிட விலை ஏறிய ஏலத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரு திருநாளில் என் அம்மா தன் தம்பியைக் கொண்டு தொப்பி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். பெண்கள் அங்கே குரல் கொடுத்துக் கேட்பதில்லை. வேண்டுமானால் ஓர் ஆணைப் பிடித்துக் கேட்பிக்க வேண்டும். அது பெரிய நேர்த்தி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தையலில் கை நன்றாக ஓடும், ஒரு தொப்பி தன் கையால் அந்தத் தலையில் ஏற வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். "மனிசருக்கே உடுப்பில்லை, இதில மரத்துக்குத் தொப்பி" என்றார் ஐயா. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கருஞ்சிவப்பு வெல்வெட் துணி வாங்குவித்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்தத் துணி பெட்டியில் இருக்கும்போதே அண்ணன் போனார்.

போனார் என்றால், ஒரு விடியற்காலை படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு, தெற்குக் கரையில் யாரோ ஒருவரின் வள்ளத்தில் ஏறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் எங்கள் தீவுப் பொடியன்கள் பலர் அப்படித்தான் போனார்கள். அங்கிருந்து வேறு நாடு போவது என்பது அவரின் எண்ணம் என்று பிறகு கூட்டாளி ஒருவன் சொன்னான். ஐயா ஒரு மாதத்துக்கு முன்னரே அண்ணனோடு இதில் வாக்குவாதப்பட்டு, போகக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றிருந்தார். சொல்லாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. "போனவன் போனவன்தான். இந்த வீட்டில அவன்ர கதை வேண்டாம்" என்றார். அண்ணன் இருந்து சாப்பிடுகிற கதிரையைக் குசினியில் இருந்து தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டிலில் போட்டார். அவருடைய உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். அம்மா கொடுக்கவில்லை. தகரப்பெட்டி ஒன்றில் அடுக்கிக் கட்டிலின் கீழ் தள்ளிவிட்டார். ஐயா மாடு பார்க்கப் போன பிறகு அந்தப் பெட்டியை இழுத்துத் திறப்பார். பட்டிப் பக்கம் நாய் குரைத்தால் மூடித் தள்ளுவார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெட்டிச் சாவி குடத்தடியில் இருப்பதும் எனக்குத் தெரியும், அம்மா அங்கே போய் வந்தால் கண் சிவந்திருப்பதும் தெரியும்.

அண்ணனிடமிருந்து ஒரு வரி இல்லை. திருநாளும் வந்துவிட்டது. அம்மா தைக்கத் தொடங்கினார். விளிம்புக்குத் தன் கூறைச் சேலையின் சரிகைக் கரையை வெட்டினார். வெட்டும்போது நான் "ஐயோ அம்மா" என்றேன், "இனி ஆர் கட்டப் போறது" என்று சொல்லிவிட்டு வெட்டினார். பிறகு உள்பக்கத்துக்குத் துணி வேண்டும். அந்த மொழுமொழுத் தலையில் உள்ளே பருத்தித் துணி இல்லாவிட்டால் தொப்பி வழுக்கிவிடும். அம்மா தகரப்பெட்டியைத் திறந்து அண்ணன் புதுநன்மை எடுத்தபோது, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கியபோது, போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்தார். ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் சட்டை. சட்டைப்பையில் அம்மாவே தைத்த சின்னச் சிலுவை இருந்தது. கையைக்கூடக் கழற்றாமல், மடித்து மடித்து, சட்டை முழுவதையும் தொப்பிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். "தலையில வைச்சால் மறக்க மாட்டார்" என்றார். அர்ச்சியசிஷ்டவரைச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லாதே, ஐயாவுக்கு முக்கியமாகச் சொல்லாதே என்றும் சொன்னார்.

அவருடைய கணக்கு எளிமையானது. அண்ணனின் சட்டையைத் தலையில் வைத்திருக்கிறவர் ஒரு வருசத்துக்குள் அண்ணனிடமிருந்து ஒரு கடிதமாவது எடுத்துத் தருவார். கடிதம் வந்த பிறகு தொப்பி யாரிடம் போனால் என்ன?

வரவில்லை. மாரி போனது, பனி போனது, பனங்காய் விழத் தொடங்கியது. மோட்டர் வள்ளம் சில கிழமைகளில் ஓடியது, பல கிழமைகளில் ஓடவில்லை; தபால் பை வராவிட்டால் கடிதம் பைக்குள் இருக்கிறது என்று அம்மா நம்புவார், பை வந்துவிட்டால்தான் அழுவார். இப்படியே அடுத்த திருநாளுக்குக் கொடியேற்றிவிட்டார்கள். அப்போதுதான் அம்மாவுக்குப் பயம் பிடித்தது. தொப்பி இறங்கப் போகிறது. ஏலத்தில் போகப் போகிறது. தந்த வீடு கேட்க ஏலாது. அண்ணனுடைய சட்டை தொப்பிக்காரரின் அலுமாரியில் ஒரு முட்டியின் மேல் ஏறி, அதுவும் ஆடு கடித்த தொப்பிக்குப் பக்கத்தில், இனி அங்கேயே இருந்துவிடும். அவன் வராமலே போய்விடுவான் என்பதுபோல் அம்மாவுக்கு அது பட்டது. எனக்கும் அப்படியே பட்டது. அதை யாரும் என்னிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா என்னை மாமாவிடம் அனுப்பினார். மாமா சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். அவர் வேறு வீடு, அவர் கேட்கலாம். எடுத்த பிறகு அக்காவிடம் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சட்டையைப் பற்றி மாமாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது எனக்கு உத்தரவு; அக்காவுக்குத் தன் தையல் மேல் ஆசை என்று மட்டும் சொன்னேன். மாமா சிரித்துவிட்டு, காசுக்கு எங்கே போவது என்று கேட்டார்.

அதுதான் அந்த வருசத்துப் பிரச்சினை. தீவில் காசு இல்லை. வள்ளம் ஓடாததால் மாடு ஆடு விற்க வழியில்லை, சம்பளக்காரருக்குச் சம்பளம் வந்து சேரவில்லை. சந்தையில்கூடக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலைக் கொடுத்து மீன் வாங்கினார்கள். ஆகவே கோயில் மூப்பர் ஒரு முடிவு எடுத்திருந்தார். ஏலத்தில் காசில்லாதவர்கள் ஆடு மாட்டிலும் கேட்கலாம். ஆனால் எந்த ஆடு என்று அடையாளம் சொல்ல வேண்டும். முந்தின வருசமே அப்படி விட்டுப் பார்த்ததில் ஒருவர் "ஒரு ஆடு" என்று கேட்டு வாழைக்குலை எடுத்துக்கொண்டு போய், பிறகு பல்லில்லாத கிழட்டு ஆடு ஒன்றைக் கொண்டுவந்து கோயில் வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அது கட்டிய இடத்திலேயே மூன்றாம் நாள் மண்டையைப் போட்டது.

மாமாவிடம் ஆடு இல்லை. அதனால் அம்மா எங்கள் பட்டியில் இருந்து கறுப்புக் கிடாயைக் கேட்கச் சொன்னார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள, பட்டியிலேயே நல்ல கிடாய். ஐயாவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "களவு போட்டுதெண்டு சொல்லுவம்" என்றார் அம்மா. பூசை தவறாத மனிசி, திருநாள் கிழமையில் இப்படிச் சொன்னார்.

திருநாள் வந்தது. பூசைக்கு ஐயா வேட்டியும் சால்வையுமாகப் பளிச்சென்று வந்திருந்தார். கூடு சுற்றி வந்தது. முதல் நாள் மாலையே அம்மாவின் தொப்பி இறங்கி, வேறொரு வீட்டின் நீலத் தொப்பி ஏறியிருந்தது. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்தோம். பெண்கள் ஒரு பக்கம் மணலில் இருந்தோம், ஆண்கள் மறு பக்கம் நின்றார்கள். மூப்பர் கைமணியோடு மேசைக்குப் பின்னால் நின்றார். கோழிகள் போயின. பூசணிக்காய் போனது. எங்கள் ஆட்களுக்கு ஏலம் என்றால் நாடகம் பார்ப்பதுபோல. வாங்குகிறவனைவிட வாங்காதவனுக்குத்தான் சத்தம் கூட.

கடைசியாக மூப்பர் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். வெல்வெட் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. சரிகை அப்படியே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கிடாய் ஒன்று என்றார். என்ன கிடாய் என்று மூப்பர் கேட்டார். கறுப்பு, நெற்றியில் வெள்ளை என்றார் மாமா. சரி, ஒருவரும் கூட்டிக் கேட்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஒரு கிடாய் என்பது அந்த வருசம் பெரிய விலை.

அப்போது ஆண்கள் பக்கத்தில் பின்னுக்கு நின்ற ஒருவர், கிடாயும் ஒரு மறியும், அதாவது பெட்டையாடும், என்று கூட்டினார். அவர் ஐயாவின் கூட்டாளி. மோட்டர் வள்ளத்தில் இயந்திரம் பார்க்கிறவர். தனிக்கட்டை. அவர் வீட்டில் பூனைகூட இல்லை. இவருக்கு எங்கே ஆடு என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிடாய் என்ன நிறம்?" என்று மூப்பர் கேட்டார்.

"கறுப்பு."

"அடையாளம்?"

அந்த மனிதர் மணலைப் பார்த்தார். "நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் எதையும் யோசிக்காமல், கிடாயும் இரண்டு மறியும் என்றார். இயந்திரக்காரரும் விடவில்லை, கிடாயும் இரண்டு மறியும் ஒரு குட்டியும் என்றார். யாரோ பின்னால் இருந்து, ஆண்டவர் அப்பத்தைப் பலுகச் செய்தவர், இவை கிடாயைப் பலுகச் செய்யினம் என்று சொல்ல, பூசை வைத்த சுவாமியார்கூடக் கையால் வாயை மூடிக்கொண்டார். மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மணியைக் கீழே வைத்துவிட்டு, கிடாயின் காதுவெட்டு என்ன என்று இரண்டு பேரையும் கேட்டார்.

தீவில் ஒவ்வொரு வீட்டு ஆடு மாட்டுக்கும் காதில் ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டைச் சொன்னால் வீட்டைச் சொன்ன மாதிரி. மாமா அம்மாவைப் பார்த்தார். இயந்திரக்காரர் ஐயாவைப் பார்த்தார். ஐயா வேப்பமரத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் கொஞ்சம் திறந்தபடி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயாவும் ஆள் வைத்துக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல், அதே தொப்பியை, அதே கிடாய்க்கு.

"இடக்காதில மீன்வால் வெட்டு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டு வெட்டு. சிரிப்பு வெடித்தது. இரண்டு பக்கமும் ஒரே பட்டியை ஏலம் கேட்டிருக்கிறார்கள். வென்றாலும் தோற்றாலும் அந்தக் கிடாய்க்குத்தான் சாவு. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மூப்பர் கையை உயர்த்தினார். தந்த வீட்டு ஆடு என்றால் தந்த வீடு கேட்ட மாதிரி என்றார். ஆகவே இரண்டு கேள்வியும் செல்லாது. வேறு யார் கேட்கிறீர்கள்?

தொப்பிக்காரர் அதுவரை பேசாமல் நின்றார். இப்போது முன்னுக்கு வந்து, தன் பட்டியில் இருந்து ஒரு சிவலை நாம்பன் கன்று என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. காளைக் கன்றுக்கு மேல் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

"ஒருதரம்" என்றார் மூப்பர். "ரெண்டுதரம்."

"கொஞ்சம் பொறுங்கோ."

ஐயாவின் குரல். அவர் தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர் அப்படி யாருக்கு முன்னாலும் நின்று நான் பார்த்ததில்லை. "எனக்குச் சட்டம் தெரியும் மூப்பர். ஆனா அதுக்குள்ள என்ர பொடியன்ர சட்டை கிடக்கு. புதுநன்மைச் சட்டை."

என்ர பொடியன். ஒரு வருசத்துக்கும் மேல் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. மூப்பர் தொப்பியைத் திருப்பி உள்ளே பார்த்தார். மடிப்புக்குள் அந்தச் சட்டைப்பை தெரிந்திருக்க வேண்டும், சிலுவையும் தெரிந்திருக்க வேண்டும். பெருவிரலால் அதை ஒருமுறை தடவினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் வேறு ஊர்க்காரர், தொப்பிச் சட்டம் அவருக்குத் தெரியாது. அவர் மூப்பரைப் பார்த்தார்.

"எண்ணுங்கோ மூப்பர்" என்றார் தொப்பிக்காரர். "ரெண்டோட நிக்குது."

அந்த நேரம் அந்த மனிதரை எனக்கு வெட்டிப் போடலாம்போல இருந்தது. மூப்பர் மூன்றுதரம் சொல்லி மணியை அடித்தார். தொப்பிக்காரர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். ஆண்கள் பக்கத்தை விட்டு நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தார். அங்கே ஆண்கள் அப்படி வருவதில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அடுத்த வருசத் தொப்பி நான் குடுக்க வேணும், தங்கச்சி. என்ர வீட்டில தைக்கிறதுக்கு ஆக்கள் இல்லை. நீர் தைச்சுத் தாரும். கூலி இப்பவே தந்திடுறன்."

தொப்பியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தந்த வீடு கேட்கக் கூடாது என்றுதான் சட்டம். கூலி வாங்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. மூப்பர் வானத்தைப் பார்த்து, வெயில் ஏறிவிட்டது என்றார். தீவிலேயே நல்ல தையல் மெசின் தொப்பிக்காரரின் வீட்டில்தான் இருந்தது. ஊர்த் தொப்பிகளில் பாதியைத் தைத்தவர் அவருடைய மனைவி. அந்த அம்மாள் எங்களுக்கு இரண்டு ஆள் தள்ளித்தான் இருந்தார். "ஓம், எனக்கு இப்ப கண் தெரியிறேல்லை" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அன்று காலையில்தான் என் பாவாடைக் கரையில் நூல் விட்டிருப்பதைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்.

சும்மா கொடுத்துவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லைத் தொப்பிக்காரர். அதையும் சொல்ல வேண்டும். அந்த வருசத்துக்கு உரிய முட்டியை அவர் அலுமாரியில் வெறுமையாகவே கவிழ்த்து வைத்திருந்தார். யாராவது வந்து கேட்டால், அது கூலியாகப் போய்விட்டது என்று ஒரு பெருமூச்சு விடுவார். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அம்மாவிடம் தொப்பி சுகமாக இருக்கிறதா என்று விசாரிப்பார். விற்கிற எண்ணம் உண்டோ என்றும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அம்மா அடுத்த வருசத்துக்கு அவருக்காகத் தைத்த தொப்பி அவ்வளவு வடிவாக வரவில்லை. கொஞ்சம் சரிந்து, அர்ச்சியசிஷ்டவர் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு வருசம் முழுவதும் இருந்தார். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனின் கடிதம் அந்த மாரியில் வந்தது. பாரிசில் இருந்தார், குசினி வேலை, குளிர் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஐயா வாங்கிப் படிக்கவில்லை. என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். நான் படித்து முடிக்கும்போது கதிரையோடு வந்தார். அதைக் குசினியில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஈரத் துணி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டோம். அம்மா கொண்டுவந்த ஒரே பெட்டியில் அந்தத் தொப்பியும் இருந்தது. இப்போது கொழும்பில் என்னிடம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது. உள்ளே வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவும் இல்லை, ஐயாவும் இல்லை. மகளுக்குத் தொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். இது என்ன விலை போகும் அம்மா என்று உடனே கேட்டாள். ஒரு கிடாய், இரண்டு மறி, ஒரு குட்டி, ஒரு நாம்பன் கன்று என்று பதில் போட்டேன். அவள் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

தகரத்தைத் திறக்கும்போது எனக்கு ஏலத்தைவிட, அது முடிந்து வீட்டுக்கு நடந்து வந்த வழிதான் ஞாபகம் வரும். கோயிலில் இருந்து எங்கள் வீட்டுக்குக் கல்வேலிகளுக்கு நடுவால் ஒரு குறுகிய ஒழுங்கை. ஐயா முன்னுக்கு, அம்மா பின்னுக்கு, நான் கடைசியில். அம்மா தொப்பியை முந்தானைக்குள் வைத்திருந்தார். வழியில் கண்டவர்கள் கிடாய் சுகமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சோளகம் பனைகளில் இரைந்துகொண்டிருந்தது.

ஒழுங்கையின் பாதியில் அம்மா நின்றார். அவருடைய நெஞ்சில் இருந்தது தொப்பி கிடைத்த சந்தோசம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சொன்னது நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இஞ்சாருங்கோ" என்றார். "சட்டை இதுக்குள்ள கிடக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஐயா திரும்பாமல் நின்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பின்னை?"

"பெட்டியில காணேல்லை" என்றார் ஐயா.

தொப்பி தைக்க முதலும் பிறகும் தான் கிணற்றுக்குப் போன நேரங்களில் குடத்தடியில் இருந்து அந்தச் சாவியை எடுத்த இன்னொரு கையை அம்மா அப்போதுதான் கண்டிருப்பார். பிறகு முந்தானைக்குள் இருந்து தொப்பியை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். ஐயா வாங்கினார். வீடு வரைக்கும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.